டங்ஸ்டன் ஏன் விறகு மாதிரி ஒடிகிறது?

புதுநெருப்பு:

அனைவருக்கும் வணக்கம். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் எலெக்ட்ரோடு நுனியிலிருந்து மின்சார ஆர்க் கிளப்பி உலோகத்தை உருக்கி ஒட்டுவது) பழக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. கை இன்னும் நிலைக்கு வரவில்லை. அதனால் எலெக்ட்ரோடு நுனியை அடிக்கடி உருகிய குழம்பில் தொட்டுவிடுகிறேன். தொட்டால் நுனியில் அசிங்கமாக ஓர் உருண்டை ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டுத் திரும்பத் தீட்ட வேண்டும். நேற்று அந்த உருண்டையை வளைத்துப் பிய்த்துவிடலாம் என்று இடுக்கியால் பிடித்து அழுத்தினேன். இரும்புக் கம்பி மாதிரி வளையும் என்றுதான் நினைத்தேன். டக்கென்று ஒடிந்தது. அதுவும் நான் அழுத்திய இடத்தில் இல்லை, அரை அங்குலம் தள்ளி. ஒடிந்த முனையைப் பார்த்தால் நீளவாக்கில் ஒரு பிளவு வேறு ஓடியிருக்கிறது, காய்ந்த விறகில் கோடாலி விழுந்த மாதிரி.

கம்பி 1.6 மி.மீ., தங்க நிற வளையம் போட்டது. உலோகங்களிலேயே அதிக உருகுநிலை, 3422 டிகிரி செல்சியஸ் என்று படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட உலோகம் ஒரு இடுக்கிக்கு ஒடியலாமா? போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா?

லேத்துக்காரன்:

போலியெல்லாம் இல்லை தம்பி. டங்ஸ்டன் என்றாலே அப்படித்தான். 20 வருஷமாக லேத்தில் டங்ஸ்டன் டூல்தான் போடுகிறேன். ஸ்டீலைச் சீவித் தள்ளும், புகை பறக்க ஓடினாலும் முனை மழுங்காது. ஆனால் கை தவறி லேத் பெட் மேல் விழுந்தால் மூலை தெறித்துப் போகும். கடினமான பொருள் ஒடியத்தான் செய்யும். கண்ணாடி ஒடியவில்லையா?

சுருள்கம்பி:

லேத்துக்காரன் அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போடுவது டங்ஸ்டன் இல்லை, டங்ஸ்டன் கார்பைடு. பெயரில் பாதி ஒன்றுதான், பொருள் வேறு. உப்பில் சோடியம் இருக்கிறது என்பதற்காக உப்பை சோடியம் என்று சொல்லமாட்டோம் அல்லவா?

கார்பைடு என்பது டங்ஸ்டனும் கரியும் அணுவுக்கு அணு சேர்ந்த சேர்மம். பீங்கான் வகையறா. அந்த நுண்ணிய மணிகளைக் கோபால்ட் என்ற உலோகத்தால் ஒட்டவைத்துத்தான் உங்கள் இன்சர்ட், அதாவது டூலின் வெட்டு முனை, செய்கிறார்கள். காங்கிரீட்டில் ஜல்லியைச் சிமெண்ட் பிடித்துக்கொள்கிற மாதிரி. கோபால்ட் குறைந்தால் கடினம் கூடும், ஆனால் சீக்கிரம் தெறிக்கும். கூடினால் அடி தாங்கும், சீக்கிரம் தேயும். உங்கள் பட்டறையில் நேர்த்தி வெட்டுக்கு ஒரு கிரேடு, விட்டுவிட்டு வெட்டுகிற வேலைக்கு வேறு கிரேடு வைத்திருப்பீர்களே, அதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான்.

நான் பல வருடம் பல்புக்குள் ஒளிரும் ஃபிலமெண்டுக்குத் தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பி இழுத்துச் சுருள் சுற்றும் இடத்தில் வேலை பார்த்தவன், அதனால் இந்தக் கதை எனக்கு நெருக்கம். டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்க வைரத்தில் துளை போட்ட டை, அதாவது கம்பியை மெலிக்கும் அச்சு, வேண்டும். வைரம் விலை அதிகம். அதற்கு மாற்றுத் தேடித்தான் ஜெர்மனியின் ஒஸ்ராம் பல்பு நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் இந்தக் கோபால்ட் கலந்த கார்பைடை உருவாக்கினார். க்ரூப் என்ற ஜெர்மன் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போல' என்பதற்கான ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. ஆக, லேத் டூல் பிறந்த வீடு பல்புக் கம்பெனி.

சட்டைப் பையில் பால்பாயிண்ட் பேனா இருந்தால் நுனியைப் பாருங்கள். உருளுகிற அந்தக் குண்டு பெரும்பாலான பேனாக்களில் டங்ஸ்டன் கார்பைடுதான்.

லேத்துக்காரன்:

அட, 20 வருஷம் பெயரையே தப்பாகச் சொல்லியிருக்கிறேன். சரி, அப்போ பழைய எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் பிட்டிலும் டங்ஸ்டன் உண்டு என்பார்களே?

சுருள்கம்பி:

உண்டு அண்ணே. அது ஸ்டீல்தான், கலவையில் டங்ஸ்டன் இருக்கிறது. பழைய பேர்பெற்ற வகை 18-4-1: 18 சதவீதம் டங்ஸ்டன், 4 குரோமியம், 1 வனேடியம். சாதா கருவி ஸ்டீல் சூடேறினால் பதம் இறங்கிவிடும். இது மங்கலாகச் சிவக்கிற சூட்டிலும் பதம் விடாது.

புதுநெருப்பு:

சரி, என் எலெக்ட்ரோடு கார்பைடு இல்லை, அசல் உலோகம். அப்படியானால் கேள்வி இன்னும் கஷ்டமாகிவிட்டதே! உலோகம் என்றால் வளைய வேண்டாமா? அதே உலோகத்தை நீங்கள் தலைமுடியைவிட மெல்லிய கம்பியாக இழுத்துச் சுருள் சுற்றினேன் என்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் ஒடிகிறது?

சுருள்கம்பி:

கேட்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் வளைவது எப்படி? உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. செம்பில் அது சுலபம். டங்ஸ்டனில் அணுக்களின் பிடி மிக இறுக்கம். உருகுநிலை அவ்வளவு உயர்ந்திருப்பதற்கும் அதே பிடிதான் காரணம். அறைச் சூட்டில் அடுக்கு வழுக்குவதற்கு முன்னால், படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைக்கோடு பிரிந்துவிடுகிறது. ஒடிந்துவிட்டது என்கிறோம். சூடாக்கினால் அடுக்குகள் வழுக்க ஆரம்பிக்கும். சில நூறு டிகிரி போதும். ஆனால் இத்தனை டிகிரி என்று ஒரே எண் சொல்ல முடியாது. அந்தத் துண்டு என்னென்ன பாடுபட்டு வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும்.

அந்தப் பாட்டைச் சொல்கிறேன். டங்ஸ்டனை உருக்கி வார்ப்பது வழக்கம் இல்லை. உருக்கினால் எந்தப் பாத்திரத்தில் வைப்பது? பாத்திரம் முதலில் உருகிவிடும். அதனால் பொடியிலிருந்துதான் தொடக்கம். தாதுவைச் சுத்திகரித்தால் வெள்ளை உப்பு கிடைக்கும். அதைச் சுட்டால் மஞ்சள் ஆக்சைடு. அதை ஹைட்ரஜன் உலையில் வைத்து ஆக்சிஜனை உருவினால் சாம்பல் நிறப் பொடி. அந்தப் பொடியை அச்சில் அழுத்திக் கட்டையாக்குவார்கள். முதல் தடவை அதைக் கையில் எடுத்தபோது நான் பயந்தே போனேன். சாக்பீஸ் மாதிரி, விரல் இறுக்கினால் உதிர்ந்துவிடும். எடை மட்டும் கையை இழுக்கும். அதை லேசாகச் சுட்டு, பிறகு ஹைட்ரஜனுக்குள் நிறுத்தி, கட்டை வழியாகவே மின்சாரம் பாய்ச்சுவார்கள். 3000 டிகிரிக்குப் பக்கம் போகும். உருகாது, ஆனால் பொடித் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டை சுருங்கும்.

இப்போது உலோகம் தயார், ஆனால் கீழே போட்டால் உடையும் உலோகம். அடுத்து 1500 டிகிரி சூட்டில் சுற்றிச் சுற்றிச் சுத்தியால் அடிக்கும் இயந்திரம். அப்புறம் டை. முதலில் கார்பைடு டை, கம்பி மெலிய மெலிய வைர டை. கம்பி மேல் கிராஃபைட் பூச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவோம். அதுதான் வித்தை. செம்பு, இரும்பெல்லாம் இழுக்க இழுக்க விறைத்து ஒடியத் தயாராகும். டங்ஸ்டன் நேர் எதிர். இழுக்க இழுக்கப் படிக மணிகள் நீண்டு நாராகி, கயிற்றில் புரி முறுக்கிய மாதிரி ஆகிவிடும். கடைசியில் அறைச் சூட்டிலேயே விரலில் சுற்றலாம். இந்த வழியைக் கண்டவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த வில்லியம் கூலிட்ஜ். 1910 வாக்கில் அது பல்புக்கு வந்தது.

இனி உங்கள் கம்பிக்கு வருவோம். அதுவும் அடித்து இழுத்து வந்ததுதான், நார் அமைப்பு உண்டு. அதனால்தான் விறகு மாதிரி நீளவாக்கில் பிளந்தது. ஆனால் நுனிப் பக்கம் ஆர்க் சூட்டில் பல தடவை வெந்திருக்கிறது. அந்தச் சூட்டில் நார்கள் கலைந்து திரும்பவும் உருண்டை மணிகளாகிவிடும், பழைய ஒடியும் குணம் திரும்பிவிடும். அரை அங்குலம் தள்ளி ஒடிந்தது என்றீர்களே, வெந்த பகுதி அங்கேதான் முடிந்திருக்கும்.

புதுநெருப்பு:

ஐயா, இதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒரு சந்தேகம். எரிகிற பல்பில் ஃபிலமெண்ட் எப்போதும் 2500 டிகிரியில்தானே இருக்கிறது? அங்கே நார் கலையாதா?

சுருள்கம்பி:

கலையும். பழைய பல்பு கையசைவுக்கே ஃபிலமெண்ட் அறுவது அதனால்தான். இன்னொரு தொல்லையும் உண்டு: தூய டங்ஸ்டன் சுருள் அந்தச் சூட்டில் தன் எடைக்கே தொய்ந்து போகும். இதற்கு மருந்து கொஞ்சம் பொட்டாசியம். அலாடர் பாச் என்பவர் 1922இல் காப்புரிமை பெற்றார். பொட்டாசியம் டங்ஸ்டனில் கரையாது, 760 டிகிரி வாக்கில் ஆவியாகிவிடும். ஆகவே கம்பிக்குள் வரிசை வரிசையாக நுண்ணிய குமிழ்களாக மாட்டிக்கொண்டு, மணிகளின் எல்லை நகரவிடாமல் ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. காரணம் குமிழ்தான் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து. அதுவரை எல்லோரும் காரணம் தெரியாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

சுருள் சுற்றுவதையும் சொல்லிவிடுகிறேன். மாலிப்டினம் கம்பி மேல் டங்ஸ்டனைச் சுற்றி, சூடாக்கிப் பதப்படுத்தி, மொத்தத்தையும் அமிலத்தில் போடுவோம். மாலிப்டினம் கரைந்து போகும். டங்ஸ்டன் அசையாது. வெளியே எடுத்தால் உள்ளே ஒன்றுமில்லாத சுருள்.

கரும்பலகை:

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பெயர்க் கதையை யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடிஷ் மொழியில் 'டுங் ஸ்டென்' என்றால் கனத்த கல். ஆனால் தனிம அட்டவணையில் 74ஆம் கட்டத்தில் இருக்கும் குறியீடு டபிள்யூ, 'வோல்ஃப்ராம்' என்ற ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. வெள்ளீயம் உருக்கும்போது இந்தத் தாது கலந்திருந்தால் ஈயம் குறைந்துபோகும். ஓநாய் ஆட்டைத் தின்பது போல ஈயத்தைத் தின்கிறது என்று திட்டி வைத்த பெயராம். 1781இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே கனத்த கல்லிலிருந்து புது அமிலம் ஒன்றைப் பிரித்தார். 1783இல் ஸ்பெயினில் எலுயார் சகோதரர்கள் அதைக் கரியோடு சுட்டு உலோகமாக்கினார்கள். மாணவர்களுக்கு ஓநாய்க் கதை சொன்னால் குறியீடு மறக்காது.

தூக்கமில்லாதவன்:

பேச்சின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். குண்டு பல்பு எப்போதும் ஸ்விட்ச் போடும் நொடியில்தானே 'டிங்' என்று போகிறது? எரிந்துகொண்டிருக்கும்போது போவது அபூர்வம். சூட்டில் இருக்கும்போதுதானே போக வேண்டும்?

கரும்பலகை:

இதை வகுப்பில் செய்து காட்டுவேன். 230 வோல்ட், 60 வாட் பல்பு. எரியும்போது மின்தடை எவ்வளவு? 230ஐ 230ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் சுமார் 880 ஓம். இப்போது பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி, ஆறியபின் மல்டிமீட்டரை வைத்தால் 65 ஓம் சுற்றித்தான் காட்டும். மாணவர்கள் மீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். வேறு மீட்டர் தருவேன். அதுவும் 65.

சூடேற ஏறத் தடை கூடும் உலோகம் இது. கிட்டத்தட்ட 13, 14 மடங்கு. அதனால் ஸ்விட்ச் போட்ட முதல் கணம் கால் ஆம்பியருக்குப் பதிலாக மூன்றரை ஆம்பியர் வரை பாயப் பார்க்கும். ஃபிலமெண்ட் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. மாதக்கணக்கில் ஆவியாகி எங்கோ ஓர் இடம் மெலிந்திருக்கும். மெலிந்த இடத்தில் தடை அதிகம், பொருள் குறைவு. அதனால் மற்ற இடம் சூடாவதற்குள் அது உருகுநிலையைத் தொட்டுவிடும். 'டிங்'.

பல்பின் கண்ணாடியில் படியும் கரும்படலம் ஆவியான அந்த டங்ஸ்டன்தான். உலோகங்களிலேயே மிகக் குறைவாக ஆவியாவது இதுதான், அப்படியும் தப்பவில்லை.

இருட்டறை:

ஆலஜன் விளக்கில் அந்த ஆவி திரும்ப ஃபிலமெண்டுக்கே போய் ஒட்டிக்கொள்ளுமே! அப்படியானால் அது சாகவே கூடாது. அமெரிக்காவில் தீயணைப்பு நிலையம் ஒன்றில் 1901இலிருந்து எரியும் பல்பு ஒன்று உண்டு. டங்ஸ்டனின் பெருமைக்கு அதுவே சாட்சி.

கரும்பலகை:

முதல் பாதி சரி, ஆனால் முழுச் சரி இல்லை. ஆலஜன் விளக்கில் அயோடினோ புரோமினோ கொஞ்சம் அடைத்திருப்பார்கள். சுவரருகே வந்த டங்ஸ்டனை அது சேர்மமாக்கிக்கொண்டு, ஃபிலமெண்ட் அருகே வந்ததும் சூட்டில் பிரிந்து கொடுத்துவிடும். அதனால் கண்ணாடி கறுக்காது. ஆனால் எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுப்பதில்லை, மெலிந்த இடம் மெலிந்தே இருக்கும்.

இரண்டாவது பாதி தப்பு. லிவர்மோரில் இருக்கும் அந்தப் பல்பு கரி ஃபிலமெண்ட். டங்ஸ்டன் ஃபிலமெண்டுக்கு யுஸ்ட், ஹனமான் இருவரும் காப்புரிமை வாங்கியதே 1904இல்தான். அந்தப் பல்பு நீடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அது மிக மங்கலாக எரிவது.

இருட்டறை:

ஒப்புக்கொள்கிறேன். என் தொழில் ஒளிப்படம். கேமராவில் வெள்ளைச் சமநிலைக்கு 'டங்ஸ்டன்' என்று ஒரு தேர்வு இருக்கிறதே, 3200 கெல்வின், அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்! விளக்கு போய்விட்டது, பெயர் மட்டும் மெனுவில் உட்கார்ந்திருக்கிறது.

உரைகல்:

நான் தங்கம் சோதிக்கிறவன். எங்கள் துறையில் டங்ஸ்டன் என்றால் நல்ல பெயர் இல்லை.

தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். டங்ஸ்டன் 19.25. ஈயம் வெறும் 11.3. தங்கக் கட்டியில் ஈயம் வைத்து ஏமாற்றினால் தண்ணீரில் முக்கி எடை பார்த்தாலே பிடித்துவிடலாம். டங்ஸ்டன் வைத்தால் தராசு வாயைத் திறக்காது. உரைகல்லும் எக்ஸ்ரே கருவியும் மேல்தோலைத்தான் பார்க்கும்.

ஆனால் ஒலியை ஏமாற்ற முடியாது. தங்கத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 3200 மீட்டர் போகும், டங்ஸ்டனில் சுமார் 5200. கட்டியின் ஒரு பக்கம் மீயொலிக் கருவியை வைத்தால், கேலிப்பரில் 10 மி.மீ. இருக்கும் கட்டியை அது வேறு கனம் என்று காட்டும். அங்கேயே சங்கதி தெரிந்துவிடும். இன்னொன்று, உருக்கிப் பார்ப்பது. தங்கம் 1064 டிகிரியில் குழம்பாகிவிடும், டங்ஸ்டன் குச்சி மூசைக்குள் அப்படியே கிடக்கும். இரண்டையும் கலந்து உருக்க முடியாது என்பதால் மெல்லிய நகையில் இந்த வேலை நடக்காது. பெரிய கட்டியைத் துளைத்து உள்ளே செருகுவதுதான் வழி.

மோதிரவிரல்:

நகைப் பேச்சு வந்ததால் என் வருத்தத்தையும் கேளுங்கள். ஒரு கடையில் 'டங்ஸ்டன் மோதிரம், ஆயுசுக்கும் உடையாது' என்று சொல்லித் தந்தார்கள். இரண்டு வருடம் கீறல்கூட விழவில்லை, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. போன வாரம் குளியலறைத் தரையில் நழுவி விழுந்து இரண்டாகப் போய்விட்டது.

லேத்துக்காரன்:

அக்கா, இப்போதான் நானும் கற்றுக்கொண்டேன், சொல்லிவிடுகிறேன்: அது டங்ஸ்டன் இல்லை, கார்பைடு! கீறாது, ஆனால் தெறிக்கும். கடைக்காரர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார்.

உரைகல்:

அளவு மாற்றவும் முடியாது, அறுக்கவும் முடியாது. ஆனால் அந்தக் குணத்தால் ஒரு நன்மை உண்டு. விரல் வீங்கி மோதிரம் மாட்டிக்கொண்டால், லாக்கிங் பிளையரை மோதிரத்தின் அளவுக்கு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் நொறுங்கி வந்துவிடும். தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

நிழற்படம்:

எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் குழாயில் இந்த உலோகம் இரண்டு வேடம் போடுகிறது. ஒரு முனையில் ஃபிலமெண்ட், எலக்ட்ரானைத் துப்பும். மறுமுனையில் இலக்கு, அந்த எலக்ட்ரான் வந்து மோதும் இடம். மோதும் ஆற்றலில் ஒரு சதவீதம் போலத்தான் எக்ஸ்ரே ஆகிறது, மீதி 99 சதவீதமும் வெறும் சூடு. அதனால் இலக்கைத் தட்டு வடிவில் செய்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல விடுவார்கள், ஒரே இடம் வெந்துபோகாமல் இருக்க. மேற்பரப்பில் டங்ஸ்டனோடு ரீனியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் சேர்ப்பது, இங்கே பேசிய அதே ஒடியும் குணத்துக்குத்தான். சேர்க்காவிட்டால் சூடேறி ஆறி, சூடேறி ஆறி மேற்பரப்பு வெடிப்பு விடும்.

புற்றுநோய்க் கதிர்சிகிச்சைக் கருவியில் கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு வெட்டி அனுப்ப மெல்லிய தகடுகள் வரிசையாக நகரும். அவையும் டங்ஸ்டன் கலவைதான். ஈயத்தைவிட மெல்லிய தகடே போதும்.

எடைப்பிரியன்:

5 செ.மீ. பக்கம் உள்ள டங்ஸ்டன் கட்டி ஒன்று மேசை மேல் வைத்திருக்கிறேன். 2.4 கிலோ. பார்க்க வருகிறவர்களிடம் 'அதை எடுத்துக் கொடுங்கள்' என்பேன். தீப்பெட்டி எடுக்கிற மாதிரி இரண்டு விரலை நீட்டுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டுமே! பயன் என்ன என்று கேட்காதீர்கள், ஒன்றும் இல்லை.

நுண்ணூசி:

ஆய்வகத்திலிருந்து ஒரு சின்னச் செய்தி. டங்ஸ்டன் அமிலத்துக்கு அசையாது என்று சுருள்கம்பி ஐயா சொன்னார். காஸ்டிக் சோடாவும் மின்சாரமும் சேர்ந்தால் அசையும். அணுவைத் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கிக்கு ஊசி அப்படித்தான் செய்கிறோம். காஸ்டிக் சோடா கரைசலில் மெல்லிய டங்ஸ்டன் கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால், நீர்மட்டத்தை ஒட்டிய இடம் மட்டும் இடுப்பு மாதிரி மெலிந்துகொண்டே வரும். எதிர் மின்முனையிலிருந்து பொடிக் குமிழ்கள் வரும். கடைசியில் கீழ்ப்பாதி தன் எடை தாங்காமல் அறுந்து விழும். அறுந்த அந்தக் கணமே மின்சாரம் நிற்க வேண்டும், தாமதித்தால் கூர் மழுங்கிவிடும். கை நிதானத்தில் பத்துக்கு ஏழு வீணாகும். பிறகு தானாக நிற்கும் சுற்று ஒன்று செய்துகொண்டோம்.

மனிதக் கண் தனித்தனி அணுவை முதலில் பார்த்ததும் இப்படியொரு டங்ஸ்டன் ஊசி முனையில்தான். 1955இல் எர்வின் முல்லரும் அவரிடம் ஆய்வு செய்த கன்வர் பகதூரும், புல அயனி நுண்ணோக்கியில்.

சூரியப்பிரதி:

அணு இணைவு உலையை யாரும் தொடவில்லையே. பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையில் அதிகம் சூடாகும் அடிப்பகுதிக்கு டங்ஸ்டன்தான். மற்றச் சுவருக்கு முதலில் பெரிலியம் என்று வைத்திருந்தார்கள். 2023இல் அதையும் டங்ஸ்டனாக மாற்ற முடிவெடுத்தார்கள். ஆனால் இந்த இழையின் தலைப்பு அங்கேயும் துரத்துகிறது. நியூட்ரான் அடி விழ விழ, வளையத் தொடங்கும் வெப்பநிலை இன்னும் மேலே போகும். டங்ஸ்டன் அணுக்களில் கொஞ்சம் கொஞ்சம் ரீனியமாகவும் ஆஸ்மியமாகவும் மாறிப்போகும். போதாததற்கு, சுவரிலிருந்து ஒரு சிட்டிகை டங்ஸ்டன் பிளாஸ்மாவுக்குள் (உலைக்குள் இருக்கும் அதிசூடான வாயு) போனாலும் அது வெப்பத்தை ஒளியாக வீசிப் பிளாஸ்மாவை ஆற்றிவிடும். தாங்குவதற்கு இதைவிட நல்ல உலோகம் இல்லை, கலப்பதற்கு இதைவிட மோசமானது இல்லை.

தீப்பொறி:

புதுநெருப்பு தம்பிக்கு ஒரு வெல்டராகச் சொல்கிறேன். எலெக்ட்ரோடு வளையத்தின் நிறத்தைக் கவனியுங்கள். உங்களுடையது தங்க நிறம், ஒன்றரை சதவீதம் லாந்தனம் ஆக்சைடு சேர்த்தது. எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும், ஆர்க் சட்டென்று பிடிக்கும். பச்சை, தூய டங்ஸ்டன். சாம்பல் நிறம், சீரியம். சிவப்பில் இருப்பது தோரியம். அது கதிரியக்கப் பொருள். கையில் பிடிப்பதால் பெரிய ஆபத்து இல்லை, தீட்டும்போது பறக்கும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. பழைய ஆட்கள் 'நாங்கள் 30 வருஷம் தீட்டினோம், என்ன ஆச்சு?' என்பார்கள். அந்தப் பேச்சை விடுங்கள். லாந்தனம் அதே வேலையைச் செய்யும்போது தூசியோடு ஏன் விளையாட வேண்டும்?

தீட்டும்போது நீளவாக்கில் தீட்டுங்கள். சுற்றுவாக்கில் கோடு விழுந்தால் ஆர்க் அலையும். அந்த வீலில் வேறு எதையும் தீட்டாதீர்கள். வெல்டிங் முடித்ததும் ஆர்கானை உடனே நிறுத்தாதீர்கள். நுனி ஆறும்வரை வாயு ஓட வேண்டும். நுனி வெள்ளி மாதிரி இருந்தால் நல்லது. நீலமோ மஞ்சளோ ஏறியிருந்தால் காற்று பட்டுவிட்டது என்று அர்த்தம். சூட்டில் காற்றுப்பட்டால் இந்த மகாராஜா சாதா இரும்பைவிடக் கேவலமாக எரிந்து போவார்.

புதுநெருப்பு:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு சோதனை செய்தேன். ஒடிந்த துண்டுகளில் சின்னதை வைஸில் கட்டி, காற்றோட்டமான இடத்தில் கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சினேன். நீளமான இடுக்கியால் மெதுவாக அழுத்தினேன். வளைந்தது! சத்தமே இல்லை, மெழுகுக் குச்சி மாதிரி மடங்கி ட வடிவத்துக்கு வந்துவிட்டது. ஆறியதும் பார்த்தால் தோல் முழுக்கக் கருநீலம், சுடர் நேரே பட்ட இடத்தில் எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய பொடி. விரலால் தடவாமல் துணியால் துடைத்தேன். சுருள்கம்பி ஐயா சொன்ன மஞ்சள் ஆக்சைடு இதுதான் போல.

சந்தோஷத்தில் ஒரு தப்பும் செய்தேன். ஆறிய பிறகு அதைத் திரும்ப நேராக்கலாம் என்று அழுத்தினேன். டக்.

லேத்துக்காரன்:

இப்போ மொத்தம் எத்தனை துண்டு தம்பி?

புதுநெருப்பு:

மூன்று அண்ணே. பெரியதை நீளவாக்கில் தீட்டி வெல்டிங் டார்ச்சில் மாட்டிவிட்டேன்.